நவம்பரில் பார்த்த இருபத்தேழு

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் முதல் பகுதி தொடங்கிப் பதினோரு நிமிடம் ஆன பிறகுதான் ரெய்யோ தொல்வானென் அந்தக் கையைக் கவனித்தார். இருபத்தேழாம் எண் ஜெர்சி போட்ட பையன் தன் கோலுக்குப் பின்னாலிருந்து வட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தான். மட்டையை வலப்பக்கம் பிடித்திருந்தான். வலக்கை கீழே, இடக்கை மேலே. தொல்வானென் காபிக் கோப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வலதுதான்.

இன்று அவர் வந்தது இந்தப் பையனுக்காக இல்லை. எதிரணியில் ஒரு முன்வரிசை ஆட்டக்காரன் நன்றாக ஆடுகிறான் என்று கேள்விப்பட்டு, குவோப்பியோவிலிருந்து ஈசால்மிக்கு ஒன்றேகால் மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். வெளியே மைனஸ் இருபத்துநாலு. அரங்குக்குள் அதைவிடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியான ஆட்டம் என்பதால் அப்பா அம்மாக்கள், காதலிகள், வேறு வேலையில்லாத கிழவர்கள் என்று நூற்றைம்பது பேர் இருந்தார்கள். தொல்வானென் வழக்கம்போல மேல்வரிசை மூலையில், யாரும் பக்கத்தில் வராத இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

மேல்சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஒரு ஆட்டப் பருவத்துக்கு ஒரு நோட்டு, இருபத்திரண்டு வருடப் பழக்கம். நவம்பர் மாதத்துப் பக்கத்தைத் திருப்பினார். அவருடைய கையெழுத்து அவரைப் பார்த்துச் சிரித்தது.

"27. ஆரோ பெசோனென். இடது. உயரம் போதும். பயப்படுகிறான். மூலையில் யாராவது மோத வந்தால் வட்டை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மூன்றாம் பகுதியில் காலே நகரவில்லை. வேண்டாம்."

'வேண்டாம்' என்பதற்கு அடியில் இரண்டு கோடு. நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் ஒருவன் வளரலாம், மெலியலாம், பயம்கூடத் தெளியலாம். மட்டை பிடிக்கிற கை மாறாது. நாலு வயதில் எந்தப் பக்கம் பிடித்தானோ சாகிறவரை அந்தப் பக்கம்தான்.

அவருடைய வேலையே பார்ப்பதுதான். கடல் கடந்து ஒரு பெரிய அணி அவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது, கிழக்கு ஃபின்லாந்துப் பையன்களில் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று சொல்வதற்கு. ஸ்கவுட் என்று ஊரில் சொல்வார்கள். ஜூன் மாதம் அந்த நாட்டு அணிகளெல்லாம் கூடி உட்கார்ந்து, பதினெட்டு வயதுப் பையன்களைப் பெயர் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒவ்வொரு அணியும் ஒரு பட்டியல் தயாரிக்கும். தொல்வானென் 'வேண்டாம்' என்று எழுதினால் அந்தப் பையன் பட்டியலில் ஏறமாட்டான். யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. அவர் ஒரு பருவத்துக்குள் தன் வார்த்தையை மாற்றியதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

இன்னொரு பெருமையும் உண்டு. அவர் புள்ளிவிவரம் பார்க்கமாட்டார். பயிற்சியாளரிடம் பேசமாட்டார். பெற்றோர் கண்ணில் பட்டால் கழிப்பறைக்குள் போய் நின்றுகொள்வார். ஆளைத் தெரிந்தால் கண் கெட்டுவிடும் என்பார். அவருக்கு எண் போதும். முகம் முழுக்கக் கம்பிவலை போட்டுக்கொண்டு ஆடுகிற வயதில் முகம் எதற்கு? முதுகில் பெயர் போடுகிற வசதியெல்லாம் இந்த ஊர் அணிக்குக் கிடையாது. வாசலில் கொடுக்கிற தாளில் எண்ணுக்கு நேரே பெயர் இருக்கும், அது போதும்.

இதையெல்லாம்விடப் பெரிய கூத்து ஒன்று நடந்திருந்தது. அவருடைய அணியின் கம்ப்யூட்டரில் ஆரோ பெசோனென் வலது என்றுதான் ஏற்கெனவே பதிந்திருந்தது. வலப்பக்கம் பிடிக்கிற தடுப்பாட்டக்காரர்கள் இந்த நாட்டில் குறைவு, அதனால்தான் அவனைப் போய்ப் பார்க்கவே சொன்னார்கள். தொல்வானென் பார்த்துவிட்டு வந்து அதை இடது என்று திருத்தினார். திருத்தினதோடு விட்டாரா? ஹெல்சிங்கியில் இருக்கும் தலைமை ஸ்கவுட் ரஸ்முஸுக்கு ஃபோன் போட்டு, "உன் கம்ப்யூட்டருக்குச் சோத்துக் கை எது, பீச்சாங்கை எதுன்னுகூடத் தெரியலையேப்பா" என்று சிரித்தார். முப்பத்தெட்டு வயது ரஸ்முஸும் மரியாதைக்குச் சிரித்தான்.

இடைவேளை மணி அடித்ததும் தொல்வானென் படி இறங்கிக் காபிக் கடைக்குப் போனார். கடை என்றால் ஒரு மேஜை, இரண்டு பெரிய குடுவை, மக்காரா என்கிற பொரித்த தொத்திறைச்சி, கடுகுச் சாந்து. செய்யா என்ற அம்மாள்தான் எப்போதும் ஊற்றிக்கொடுப்பாள். பத்து வருடமாக அவளிடம் 'ஒரு காபி', 'நன்றி' என்ற இரண்டு சொற்களைத் தவிர அவர் எதுவும் பேசியதில்லை.

"ஒரு காபி. அப்புறம்..." என்று இழுத்தார்.

செய்யா குடுவையைச் சாய்த்த கையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். "அடேயப்பா, மூணாவது வார்த்தை வருது!"

"நவம்பர்ல இங்க ஒரு ஆட்டம் நடந்துச்சே. பனி கொட்டி ரோடெல்லாம் அடைச்சிருந்த அன்னிக்கு. அதுல இருபத்தேழாம் நம்பர் யாரு?"

"ஒன்னி. எங்க அக்கா பையன். ஏன்?"

"ஆரோ பெசோனென் இல்லையா?"

"ஆரோவுக்கு அன்னிக்குக் காய்ச்சல். ஆள் குறையுதுன்னு மத்தியானம் ஒன்னியைக் கூப்பிட்டாங்க. பதினாறு வயசு, அவனுக்கு அதுதான் பெரிய பசங்களோட முதல் ஆட்டம். சின்னப் பசங்க ஜெர்சியெல்லாம் வேன்ல வேற ஊருக்குப் போயிடுச்சு. அதனால ஆரோவோடதை மாட்டிவிட்டாங்க. ஸ்பீக்கர்ல சொன்னாங்களே! நீ லேட்டா வந்து இங்கதான் காபிக்கு நின்னே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, தொப்பியெல்லாம் பனி."

தொல்வானென் கோப்பையை வாங்கிக்கொண்டார். காபி கையைச் சுட்டது.

"ஆரோ பாவம்," என்றாள் செய்யா. "வசந்த காலத்தோட நிறுத்திக்கறானாம். ஜூலைல கட்டாயப் பட்டாளத்துக்குப் போயிட்டு வந்து சித்தப்பாவோட வயரிங் வேலைக்குப் போறேங்கறான். ஒரு மனுஷன்கூட வந்து பார்க்கலைன்னா அவனும் என்னதான் பண்ணுவான்? மக்காரா வேணுமா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் படியேறினார். அவர் இடத்துக்கு இரண்டு இருக்கை தள்ளி கௌக்கோ லௌஹி வந்து உட்கார்ந்திருந்தார். அவரும் ஸ்கவுட்தான், வேறோர் அணிக்கு. இருபது வருடப் போட்டியாளர், அதே அளவுக்கு நண்பரும்கூட. இந்தத் தொழிலில் ஒருவர் எழுதினதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. ஆனால் நவம்பரில் பனியில் மாட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேரும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது, தொல்வானென் கொஞ்சம் வாயை விட்டிருந்தார்.

"ஏம்ப்பா ரெய்யோ," என்றார் லௌஹி, கீழே பனித்தளத்துக்கு வந்துகொண்டிருந்த பையன்களைப் பார்த்தபடி. "இவனைத்தானே பயந்தாங்கொள்ளின்னு சொன்னே? நீ சொன்னேன்னு நான் இந்தப் பக்கமே வண்டியைத் திருப்பலை. எங்க ஆளுங்க யாருமே வரலை. இன்னிக்கும் எதிரணிக்காரனுக்காகத்தான் வந்தேன்."

"பார்ப்போம்," என்றார் தொல்வானென்.

பார்க்கத்தான் முயன்றார். அதுதான் நடக்கவில்லை. ஆரோ சாதாரணமாக வட்டைப் பலகையில் தட்டி வெளியே விட்டாலும் 'ஆகா' என்று தோன்றியது. அடுத்த நிமிடமே தன்மேல் சந்தேகம் வந்தது. பாவம் பார்க்கிறோமோ? முகத்தை இறுக்கிக்கொண்டு கடுமையாகப் பார்த்தார். உடனே குறைகளாகக் கண்ணில் பட்டன. பின்னோக்கிச் சறுக்கும்போது இடப்பக்கம் திரும்புவதில் அரை நொடி பிந்துகிறான். நெருக்கினால் வட்டை ஒரு துளி அதிகம் வைத்துக்கொள்கிறான். இந்தக் குறைகள் உண்மையா, இல்லை நவம்பரில் எழுதினதைக் காப்பாற்றத் தன் கண்ணே தேடிப் பிடிக்கிறதா? இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் கண்ணைப் பார்த்து அவருக்குப் பயமாக இருந்தது.

இரண்டாம் பகுதியின் நடுவில் ஆரோ தன் எல்லையிலிருந்து தளத்தின் குறுக்கே நீளமாக ஒரு வட்டு அனுப்பினான். எதிரணிக்காரன் நடுவில் மட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டு போய்க் கோல் போட்டுவிட்டான். பெஞ்சில் பயிற்சியாளர் கதவை ஓங்கிச் சாத்தின சத்தம் மேல்வரிசை வரை கேட்டது. ஆரோ பெஞ்சுக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். அவன் தோளில் ஒன்றும் மாறவில்லை. தொல்வானென் எப்போதும் தோளைத்தான் பார்ப்பார். பையன்களுக்கு மனசு உடைந்தால் முதலில் தோள்தான் சொல்லும்.

மூன்றாம் பகுதியில் அதே இடம், அதே நெருக்கடி, கிட்டத்தட்ட அதே ஆட்கள். ஒரு தடவை அடிபட்டவன் பத்திரமாகப் பலகையோரம் தட்டிவிடுவான். பயிற்சியாளரும் அதைத்தான் கத்திக்கொண்டிருந்தார். ஆரோ தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தான். முன்பு தவறிய அதே தடத்தில், அதே நீளத்துக்கு, குறுக்கே அனுப்பினான். இந்த முறை நீட்டின மட்டைக்கு ஒரு விரல்கடை தள்ளிப் போய் அந்தப் பக்கத்துப் பையனின் மட்டையில் விழுந்தது. மூலைக்குப் போன இன்னொரு வட்டுக்காகத் தன்னைவிட ஒரு சாண் உயரமானவனோடு தோள் மோதி, இரண்டு பேருமாக விழுந்து, எழுந்து, வட்டோடு வெளியே வந்தான். முகத்தைத் திருப்பவில்லை.

"ம்ம்," என்றார் லௌஹி. ஆட்டம் முடிய நாலு நிமிடம் இருந்தது.

தொல்வானென் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்தால் இந்தப் பையன் இருப்பது அவருடைய அணிக்கு மட்டும்தான் தெரியும். அது நல்லதுதான். ஆனால் அவருடைய அணியிலேயே 'வேண்டாம்' என்று இருக்கும்போது அவனுக்கு எங்கேதான் போக்கு? அவர் மூடின கதவுகளில் ஒன்று இங்கே இரண்டு இருக்கை தள்ளி மக்காரா தின்றுகொண்டிருந்தது.

"கௌக்கோ, நவம்பர்ல நான் சொன்னதை மறந்துடு."

லௌஹி மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்ப நல்லா ஆடறவனா?"

"தெரியலை. மறந்துடுன்னு மட்டும்தான் சொல்றேன்."

"நீ சொன்னதை நீயே மறக்கச் சொல்றியா? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நான் பார்த்தது வேற பையனை."

லௌஹி கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். வாழ்நாள் முழுக்க வைத்துக் கிண்டலடிக்கிற சங்கதி அது. லௌஹியோ தின்றதை ஓரமாக வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டு உள்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தொல்வானெனுக்கு அழுகை வரும்போல இருந்தது. இவ்வளவு வயசுக்கு மேல் என்ன அழுகை என்று தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

ஆட்டம் முடிந்து வண்டியை எடுக்கும்போது நாலரை மணி. ஏரிப் பக்கம் வானம் வெளிறிப்போய், அரங்கின் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பனி வாருகிற வண்டி அவர் காருக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டிவிட்டுப் போயிருந்தது. பின்னால் எடுத்ததில் அந்த வரப்பில் ஏறி, பின்சக்கரம் அதில் சொருகிக்கொண்டு சும்மா சுற்றியது. இன்னும் இரண்டு தடவை முறுக்கிப் பார்த்தார். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

பக்கக் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தோளில் பெரிய பையும் கையில் மட்டைகளுமாக ஒரு பையன், ஈரத் தலைமேல் கம்பளித் தொப்பி. "மெதுவா முன்னாடி எடுங்க. நான் தள்ளறேன்," என்றான். பையை இறக்கிவிட்டுப் பின்னால் போய் இரண்டு கையையும் பின்கண்ணாடியில் ஊன்றித் தள்ளினான். மூன்றாம் தள்ளலில் கார் விடுபட்டது.

தொல்வானென் கண்ணாடியை இறக்கினார். "நன்றிப்பா."

"பரவால்ல." பையன் போகாமல் நின்றான். குளிரில் கன்னம் சிவந்து, மேலுதட்டில் பூனைமயிர் விட்டிருந்தது. "நீங்க நவம்பர்லயும் வந்தீங்கல்ல?"

மேல்கோட்டின் மார்பில் சின்னதாக எண் தைத்திருந்தது. இருபத்தேழு. தொல்வானென் அந்த முகத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

"வந்தேன். உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குக் காய்ச்சல். ஆட விடலை. வீட்ல இருக்க முடியாம இங்க வந்து உங்களுக்குப் பின்னால சுவரோரமாத்தான் நின்னுட்டிருந்தேன். நீங்க இருபத்தேழுன்னு எழுதினதைக்கூடப் பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன்டா சொல்லலை?"

பையன் இந்தக் கேள்வியே புரியாதவன்போல விழித்தான். "எழுதிட்டிருந்தீங்களே!"

எழுதுகிற ஸ்கவுட்டை யாரும் தொந்தரவு செய்வதில்லை. எல்லா அரங்கிலும் அதுதான் பழக்கம். அந்த மௌனத்துக்குள் உட்கார்ந்துதான் அவர் இருபத்திரண்டு வருடம் நிம்மதியாகப் பிழைத்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில், காய்ச்சலோடு, தன் எண்ணுக்கு நேரே தன்னைப் பற்றி இல்லாத ஒன்றை எழுதுவதைப் பார்த்துக்கொண்டு, இவன் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

"அதோட, நீங்க ஒன்னியைப் பார்க்கத்தான் வந்தீங்கன்னு நினைச்சேன்," என்றான் ஆரோ. "ஆட்டம் முடிஞ்சதும் கீழ போயி அவன்கிட்ட சொன்னேன், மேல இருந்த ஆளு உன்னையேதான்டா பார்த்துட்டிருந்தாருன்னு. அன்னிலேர்ந்து அவனைப் பிடிச்சு நிறுத்த முடியலை. காலைல ஆறு மணிக்கே வந்து கதவைத் தட்டறான். அன்னிக்குக் கேவலமா ஆடினான்தான். ஆனா இப்போ வந்து பாருங்க!"

"ஆரோ," என்றார் தொல்வானென். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் பையன் லேசாகத் திடுக்கிட்டான். "அன்னிக்கு நான் வந்தது உன்னைப் பார்க்க."

ஆரோ குனிந்து பையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டினான். அது சரியாக உட்காரவில்லை. இறக்கி மறுபடி மாட்டினான். அரங்கின் கதவு திறந்து சத்தமாக நாலைந்து பேர் வெளியே வந்தார்கள். அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"ஒன்னிகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லிவிட்டு நடந்தான். கூப்பிட்டு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொல்வானெனுக்கு இருந்தது. நிறுத்திவிடாதே, ஜூன் வரை பொறு, இப்படி ஏதாவது. கையில் ஒன்றும் இல்லாமல் அப்படிச் சொல்வது இன்னொரு பொய்தான் ஆகும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ரஸ்முஸுக்கு ஃபோன் போட்டார்.

"சொல்லு ரெய்யோ. அந்த முன்வரிசைக்காரன் எப்படி?"

"அவனை நான் பார்க்கலை. நவம்பர்ல ஆரோ பெசோனென்னு ஒருத்தனுக்கு எழுதினேனே, ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? சோத்துக் கை, பீச்சாங்கை."

"கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியலை." நடந்ததை முழுக்கச் சொன்னார். ஜெர்சி, காய்ச்சல், ஸ்பீக்கர், காபி, லௌஹியிடம் உளறினது, இன்று சொன்னது, எல்லாம்.

"இதை நான் மேல சொல்லாம இருக்க முடியாது," என்றான் ரஸ்முஸ்.

"சொல்லு."

"அடுத்த வருஷத்துக்கு உன்னை வச்சுக்கணுமான்னு ஏற்கெனவே கேட்டுட்டிருக்காங்க."

"தெரியும்."

"சரி. இன்னிக்குப் பார்த்தியே, அவன் எப்படி?"

தொல்வானென் வாயைத் திறந்தார். குறுக்கே போன அந்த நீளமான வட்டு கண்ணுக்குள் வந்தது. அரை நொடி பிந்துகிற அந்த இடப்பக்கத் திருப்பமும் வந்தது. "எனக்குத் தெரியலை, ரஸ்முஸ். செஞ்ச தப்பு உறுத்திட்டே இருக்கு, அதோடதான் பார்த்தேன். அந்தக் கண்ணை நம்பாதே. வேற யாரையாவது அனுப்பு."

"திங்கக்கிழமை பட்டியல் போகணும். வேற கண்ணுக்கு நான் எங்க போறது?" கொஞ்ச நேரம் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "செவ்வாய்க்கிழமை அவங்க கயானில ஆடறாங்க. பட்டியல்ல ஒரு வரியைக் காலியா விடறேன், ஒரு வாரத்துக்கு மேல தாங்காது. நான் வரேன். நீயும் வா. தனித்தனியா உக்காந்து பார்ப்போம். உன் விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்."

ஃபோனை வைத்துவிட்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். இருபத்தேழு என்று எழுதினார். வலது என்று எழுதினார். அதற்குக் கீழே எழுதக் கை போய், எழுதாமல் நின்றது. அப்படியே மூடிப் பைக்குள் வைத்தார்.

புறப்படுவதற்காகக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பின்கண்ணாடி முழுக்க உறைபனி மூடியிருந்தது. பையன் கை ஊன்றித் தள்ளின இரண்டு இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுக்குப் பனி விலகியிருந்தது. அதன் வழியாக அரங்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற பாதை தெரிந்தது. இரண்டு பையன்கள் முதுகைக் காட்டி நடந்து போனார்கள். ஒரே உயரம், ஒரே அணிக் கோட்டு, ஒரே தொப்பி, தோளில் ஒரே மாதிரிப் பை. எண் மார்பில்தான் இருந்தது. எது ஆரோ, எது ஒன்னி என்று தொல்வானெனுக்குத் தெரியவில்லை.

எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தார். ஒருவன் காலில் இடறின பனிக்கட்டித் துண்டை நிறுத்தி, மட்டையைத் தோளிலிருந்து இறக்கினான். வலக்கை கீழே போனது. கட்டி பாதையின் குறுக்கே சறுக்கிக்கொண்டு போக, மற்றவன் சிரித்துக்கொண்டே தன் மட்டையை இடப்பக்கம் இறக்கி அதை நிறுத்தினான்.